பேசி முடிச்சுட்டோம்பா!

போன வாரம் வேலப்பன்சாவடியில் ஒரு கல்யாண ரிசப்ஷன். எங்கள் நகர் சங்கச் செயலாளர் வீட்டுப் பெண்ணுக்கு.

மேடைக்குப் பின்னால் பெரிய எல்.இ.டி. ஸ்கிரீன். வழக்கமாக அதில் என்ன ஓடும்? மாப்பிள்ளை கூலிங் கிளாஸோடு ஸ்லோமோஷனில் நடந்து வருவார். பெண் கடற்கரையில் துப்பட்டாவைப் பறக்க விடுவாள். ட்ரோன் மேலே மேலே போய் இரண்டு பேரையும் புள்ளியாக்கிவிடும். இந்த ஸ்கிரீனில் வந்ததோ ஒரு செல்போன் ஸ்கிரீன்ஷாட். டேட்டிங் ஆப்பில் மாப்பிள்ளை பெண்ணுக்கு அனுப்பிய முதல் மெசேஜ்!

"ஹாய். உங்க போட்டோல பின்னாடி தெரியுற பிரியாணிக் கடை எங்க இருக்கு?"

கீழே பெண்ணின் பதில்: "கடையைச் சொல்லிட்டா என்னை மறந்துடுவீங்களே..."

மண்டபமே கைதட்டியது. முன்வரிசைப் பட்டுப்புடவை அத்தைகள் உட்பட. பெண்ணின் அப்பா மைக்கை வாங்கி, "நாங்களும் எவ்வளவோ வரன் பார்த்தோம். ஒண்ணும் அமையல. கடைசியில என் பொண்ணு போன்லயே பார்த்துக்கிட்டா. இந்த நேரத்துல அந்த ஆப்புக்கு நன்றி சொல்லிக்கிறேன்" என்றார். 'ஆப்புக்கு நன்றி' என்றதும் பின்வரிசை இளவட்டம் சிரித்த சிரிப்பு இருக்கிறதே... மாப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டார். மனுஷன் உண்மையிலேயே நெகிழ்ந்துதான் சொன்னார், பாவம்.

நானும் கைதட்டினேன். ஏன் தட்டக் கூடாது? நான் வளர்ந்தது ஆவடி ஃபேக்டரி குவார்ட்டர்ஸில். அங்கே ஒரு பெண் பஸ் ஸ்டாப்பில் ஒரு பையனோடு பேசினால், அவள் வீட்டுக்கு வந்து சேருவதற்குள் சேதி வந்து சேர்ந்திருக்கும். எங்கள் பிளாக்கில் ஒரு அக்காவுக்குப் படிப்பே அப்படித்தான் நின்றது. இன்றைக்கு? சமீபத்தில் அம்பத்தூர் போகிற ஷேர் ஆட்டோவில் ஓர் அம்மா, பக்கத்தில் இருந்த மகனின் போனை எட்டிப் பார்த்துச் சொல்கிறார்: "அந்த போட்டோவைத் தூக்குடா. அதுல அப்படியே உங்கப்பா மாதிரி இருக்கே. எவ வருவா?" ஆட்டோவே சிரித்தது. அந்தப் பையனுந்தான்.

காலம் மாறித்தான் போச்சு. நல்லதாகவே மாறியிருக்கிறது — என்றுதான் நானும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மண்டபத்தில் என் பக்கத்து நாற்காலியில் ஒருவர் மட்டும் கைதட்டவில்லை. எங்கள் பக்கத்து வீட்டு அண்ணாச்சி. ஸ்கிரீனையே பார்த்துக்கொண்டிருந்தவர், கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்தார். மறுபடி மாட்டிக்கொண்டார். சாப்பிடக் கூப்பிட்டபோது, "பசிக்கல தங்கச்சி, நீங்க போங்க" என்றார்.

திரும்பி வரும்போது அவரும் எங்கள் காரில்தான் வந்தார். திடீரென்று, "தங்கச்சி, உமா விஷயத்த உங்க பத்தியில எழுதுங்களேன். பேரை மட்டும் மாத்திக்கிடுங்க" என்றார்.

"எதுக்கு அண்ணாச்சி?"

"எவனாவது ஒரு அப்பன் படிப்பாம்லா..."

அதனால்தான் இது. பெயரை மாற்றியிருக்கிறேன்.

அண்ணாச்சிக்கு சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். இளவட்டமாக ஆவடி ஃபேக்டரி வேலைக்கு வந்தவர், குவார்ட்டர்ஸிலேயே குடித்தனம் நடத்தி, ரிட்டயர் ஆனதும் வெள்ளானூரில் வீடு கட்டிக்கொண்டு வந்தார். எங்கள் வீட்டுக்கும் அவர் வீட்டுக்கும் நடுவே ஒரு காம்பவுண்டுச் சுவர்தான். இத்தனை வருஷத்தில் அவர் பேச்சில் ஊர் வாசனை கொஞ்சமும் போகவில்லை. மனைவி பார்வதி அக்கா. ஒரே மகள் உமா, பெங்களூரில் ஐ.டி. வேலை.

உமாவுக்கு வரன் பார்க்க ஆரம்பித்ததும், பார்த்துப் பார்த்து ஓய்ந்ததும் எனக்கே தெரியும். ஜாதகம் சேர்ந்தால் பையனுக்கு உயரம் சேராது. உயரம் சேர்ந்தால் மாமியாருக்கு மனசு சேராது. கடைசியாக வந்த கூட்டம், பெண் குண்டாக இருக்கிறாள் என்று கேசரியைச் சாப்பிட்டுக்கொண்டே சொல்லிவிட்டுப் போனது. அதற்குப் பிறகு உமா, "இனிமே யார் முன்னாடியும் வந்து நிக்க மாட்டேன்பா" என்று சொல்லிவிட்டாள். அந்த வீட்டில் அதன்பிறகு கல்யாணப் பேச்சே இல்லை.

அப்புறம் ஒரு தடவை லீவுக்கு வந்திருந்தபோது, அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகச் சொன்னாளாம்.

"அப்பா... நான் ஒருத்தர்கிட்ட பேசிட்டு இருக்கேன். ஆப்ல பழக்கம்."

பார்வதி அக்கா சட்டென்று எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டார். அண்ணாச்சி டி.வி. சத்தத்தைக் குறைத்தார். என்ன கேட்டிருப்பார் என்று நினைக்கிறீர்கள்? என்ன ஆளுக? என்ன சம்பளம்? எந்த ஊர்? அதுதான் இல்லை.

"பய நல்லாப் பேசுதானா?"

உமாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நல்லா பேசுறான்பா."

"அப்பம் பேசு."

இதை என்னிடம் சுவருக்கு அந்தப் பக்கம் நின்று சொன்னபோது அண்ணாச்சி முகத்தைப் பார்க்க வேண்டுமே! மகளுக்கு ஒருவன் கிடைத்தான் என்பதுகூட அப்புறம்தான். "எங்கிட்ட வந்து சொல்லுதா தங்கச்சி. அவ அம்மைகிட்ட சொல்லல, எங்கிட்ட சொல்லுதா" — அதுதான் அவருக்குப் பெருமை. எத்தனை வீட்டில் மகள் அப்பாவிடம் இப்படிச் சொல்கிறாள்? நான் எங்கப்பாவிடம் சொன்னதில்லை. நீங்கள் சொல்லியிருக்கிறீர்களா?

அதற்குப் பிறகு உமா போன் செய்தாலே அண்ணாச்சி தோட்டத்துப் பக்கம் வந்துவிடுவார். அந்தப் பையனுக்கு மீன் வாசனையே ஆகாதாம். "என்ன ஊர்க்காரன்டி அவன்!" என்று சிரிப்பார். பைக்கில் போகும்போது பாட்டுப் பாடுவானாம், சுருதியே சேராதாம். உமாவுக்குக் காய்ச்சல் வந்தபோது ரசம் வைத்துக் கொடுத்தானாம், அதில் புளி போட மறந்துவிட்டானாம். எல்லாம் அப்பாவுக்குத் தெரியும். பையனை நேரில் பார்த்ததில்லை, குரலைக்கூடக் கேட்டதில்லை. ஆனால் அவன் கோயம்புத்தூர்க்காரன், பெங்களூரில் வேலை, ரசத்தில் புளி போட மாட்டான் என்பதெல்லாம் சுவருக்கு இந்தப் பக்கம் எனக்கே மனப்பாடம்.

அண்ணாச்சி பிரச்சாரப் பீரங்கியாகவே ஆகிவிட்டார். காலையில் வாக்கிங் போகிற கும்பலில் யாராவது பெண்ணுக்கு வரன் பார்ப்பதாகச் சொன்னால் போதும். "புரோக்கரையும் ஜாதகத்தையும் நம்பி என்னத்தக் கண்டீரு? புள்ளைக்கு ஒரு போனை வாங்கிக் கொடுத்துட்டு நாம பேசாம இருக்கணும்" என்பார். எங்கள் மெயின் ரோடு டீக்கடை குமாருக்கு இது பெரிய விஷயம். குமார் இந்தப் பக்கத்து ஆள், அசல் மெட்ராஸ் பாஷை.

"இன்னா அண்ணாத்தே, பாப்பா போன்லயே மாப்ள புட்ச்சிகிச்சாமே?"

"ஆமாய்யா. இப்பம் பேசிக்கிட்டு இருக்காக."

"கரீட்டு தான். என் மச்சான் கூட அதுல தான் கீறான். இன்னா பிரயோஜனம்... அவன் மூஞ்சிக்கு ஒண்ணும் மாட்ட மாட்டேங்குது."

அண்ணாச்சி சொன்னாரே, 'பேசிக்கிட்டு இருக்காக' என்று... வம்பு அந்த வார்த்தையில்தான் இருந்தது. அப்போது யாருக்கும் தெரியவில்லை.

நம்மூரில் பேசுவது என்றால் என்ன? பெண் பேசுவது. சம்பந்தம் பேசுவது. 'உங்க பொண்ணுக்கு எங்கயாவது பேசிட்டு இருக்கீங்களா?' என்று ஒருவர் கேட்டால், 'பேசி முடிச்சாச்சு, தை மாசம் கல்யாணம்' என்று பதில் வரும். பேச ஆரம்பித்தால் பந்தியில்தான் போய் நிற்க வேண்டும். நடுவில் வேறு ஸ்டாப்பிங் கிடையாது.

இந்தத் தலைமுறையிடம் கேட்டுப் பாருங்கள். பேசிட்டு இருக்கோம் என்றால், வெறுமனே பேசிட்டு இருக்கோம். அது ஒரு ஸ்டேஜ். பிடிக்கிறதா, பிடிக்கவில்லையா, பிடித்துப்போய்விடுமோ என்று பயமாக இருக்கிறதா — இதெல்லாம் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். அது ஒரு மாசம் ஓடலாம், ஒரு வருஷம் ஓடலாம். கல்யாணத்தில் போய்த்தான் நிற்க வேண்டும் என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை.

உமா சொன்னது இந்தப் பேச்சு. அண்ணாச்சி கேட்டது அந்தப் பேச்சு. அப்பாவும் மகளும் ஒரே வார்த்தையை வைத்துக்கொண்டு மாசக்கணக்கில் சந்தோஷமாகப் பேசியிருக்கிறார்கள்.

ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அண்ணாச்சி மறக்காமல் கேட்பார். "பேச்சு எம்புட்டுத் தூரத்துல இருக்கு தாயி?"

"போய்ட்டு இருக்குப்பா."

"சரி சரி. மெதுவாப் பேசுங்க. அவசரம் ஒண்ணும் இல்ல." சொல்லிவிட்டு அடுத்த ஞாயிறும் கேட்பார்.

அப்புறம் அந்தக் காலை. நான் மாடியில் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தேன். அண்ணாச்சி கீழே செம்பருத்திக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். வாரநாள், ஆபீஸ் நேரம் — உமாவிடமிருந்து போன். ஒரு கையில் ஹோஸ், அதனால் ஸ்பீக்கரில் போட்டார்.

"அப்பா..."

"சொல்லு தாயி. என்ன இந்நேரம்?"

மூக்கை உறிஞ்சிவிட்டுச் சொன்னாள்.

"நேத்து ரெண்டு பேரும் உக்காந்து... எல்லாத்தையும் பேசி முடிச்சுட்டோம்பா."

அண்ணாச்சி கையிலிருந்த ஹோஸ் கீழே விழுந்தது. "அப்பிடியா தாயி! சந்தோசம் தாயி, ரொம்ப சந்தோசம்! எனக்கு இது போதும்... ஏ பார்வதி! ஏ, இங்க வா! பேசி முடிச்சிட்டாகளாம்!"

பார்வதி அக்கா ஈரக் கையோடு ஓடிவந்து போனை வாங்கினார். "உமா..." என்றவருக்கு மேற்கொண்டு பேச வரவில்லை. அழுகை. அந்தப் பக்கமும் அழுகை. அண்ணாச்சியும் தோள் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். மாடியில் நான் ஒரு ஈரச் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். ஆனந்தக் கண்ணீர் என்றுதான் எல்லாரும் நினைத்தோம்.

"நான் அப்புறம் கூப்பிடுறேன்ம்மா" என்று உமா வைத்துவிட்டாள்.

பத்தி எழுதுகிறவளாக நான் ஒன்று சொல்கிறேன். அவள் சொன்னதை எழுதச் சொன்னால், 'பேசி' என்பதற்குப் பிறகு ஒரு கமா போடுவேன். பேசி, முடிச்சுட்டோம். உட்கார்ந்து பேசி, முடித்துக்கொண்டார்கள். இனிமேல் நீ யாரோ நான் யாரோ என்று கௌரவமாக, சண்டையில்லாமல் முடித்துக்கொண்டார்கள். கமாவை எழுத்தில் போடலாம். போனில் அது எங்கே கேட்கிறது? அதுவும் இத்தனை வருஷமாக அந்த இரண்டு வார்த்தைக்காகவே காத்திருந்த காதுக்கு?

அழுவதற்குத்தான் அவள் அப்பாவைக் கூப்பிட்டிருக்கிறாள். அப்பா அந்தப் பக்கம் கொண்டாடிவிட்டார்.

அன்றைக்கு மத்தியானத்துக்குள் அண்ணாச்சி சொந்தக்காரர்கள் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிட்டார்: 'நமது உமாவுக்குப் பேசி முடிந்தது. கடவுள் அருள்.' ஊரிலிருந்து அத்தை, சித்தி, பெரியப்பா... பூங்கொத்தும் கேக்கும் தாலியும் பறக்கின்றன. ஸ்டிக்கரில் ஒரு யானை மாலை போடுகிறது. ஆவடிக்குப் போய் ஜாங்கிரி வாங்கி வந்து தெருவுக்கே கொடுத்தார். குமார் கடையில் அன்றைக்கு வந்தவர்களுக்கெல்லாம் ஆளுக்கொரு ஜாங்கிரி. "தாலி கட்டச் சொல்லோ என்ன மறந்துடாதே அண்ணாத்தே" என்று குமார் கட்டிப்பிடித்துக்கொண்டான். என் பங்குக்கு நானும் உமாவுக்கு 'வாழ்த்துகள் கண்ணு' என்று அனுப்பினேன், கூடவே ஒரு ரோஜாப்பூ. பதிலுக்கு ஒரு கும்பிடு மட்டும் வந்தது. இந்தக் காலத்துப் பிள்ளைகள் இவ்வளவுதான் பேசும் என்று நினைத்துக்கொண்டேன்.

பெங்களூரில் ஒரு ஹாஸ்டல் அறையில் அவள் தனியாக உட்கார்ந்து அழுதுகொண்டிருக்க, அவள் போனில் யானை மாலை போட்டுக்கொண்டிருந்தது.

சனிக்கிழமை விடிகாலை பெங்களூர் பஸ்ஸில் வந்து குமணன்சாவடியில் இறங்கினாள். அண்ணாச்சி ஸ்கூட்டரில் கூட்டிவரப் போயிருந்தார். வழியெல்லாம் அவரே பேசிக்கொண்டு வந்திருக்கிறார். தையில் வைத்துக்கொள்ளலாமா, பையன் வீட்டாரை எப்போது வரச் சொல்லலாம், நாம் கோயம்புத்தூருக்குப் போவதா, அவர்கள் இங்கே வருவதா... மகள் அவர் முதுகில் சாய்ந்துகொண்டாள். பஸ்ஸில் தூங்கியிருக்க மாட்டாள் பாவம் என்று இவர் நினைத்துக்கொண்டார்.

பருத்திப்பட்டு ஏரி தாண்டுவதற்குள், "அப்பா, வண்டியை ஓரமா நிறுத்துங்க" என்றாளாம்.

அதற்குப் பிறகு அவர்கள் பேசியதை அண்ணாச்சிதான் எனக்குச் சொன்னார். எல்லாம் சொல்லி முடித்த பிறகு அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "அன்னைக்கே சொல்லிருக்கலாம்லா தாயி? 'அப்பா, நீங்க தப்பாப் புரிஞ்சிக்கிட்டீங்க'ன்னு ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்லா?"

"நீங்க அவ்வளவு சந்தோஷமா இருந்தீங்கப்பா. உங்க குரலே வேற மாதிரி இருந்துச்சு. எப்படிப்பா சொல்றது?"

அந்த நேரம் எனக்கு இதெல்லாம் எங்கே தெரியும்? மாப்பிள்ளை விஷயம் கேட்கலாம் என்று காலை ஒன்பது மணிக்குச் சேமியா பாயசம் வைத்து எடுத்துக்கொண்டு போய் நின்றேன். கதவைத் திறந்த பார்வதி அக்கா, என் கையிலிருந்த தூக்கை வாங்கி உள்ளே கொண்டுபோய் வைத்தார். கூடத்தில் உமா, முகமெல்லாம் வீங்கி. அண்ணாச்சி ஸ்கூட்டர் சாவியைக்கூடக் கீழே வைக்காமல் உட்கார்ந்திருந்தார். திரும்பிப் போகவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை.

"உக்காருங்க ஆன்ட்டி" என்றாள் உமா. அவளேதான் சொன்னாள். "அவன் ஒண்ணும் ஏமாத்தல ஆன்ட்டி. நல்லவன். அவனுக்குக் கல்யாணம்கிறதே சரிப்படாதுன்னு தோணுதாம். கேட்டேன், மறைக்காம சொல்லிட்டான்."

"நீயா கேட்டியா?" என்றார் அண்ணாச்சி.

"நீங்க வாரா வாரம் கேட்டீங்களேப்பா, எவ்வளவு தூரத்துல இருக்குன்னு. எனக்கு என்ன சொல்றதுன்னு தெரியல. அதான் அவன்கிட்ட கேட்டேன்."

கோபமாகச் சொல்லவில்லை. குற்றமாகவும் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னாள், அவ்வளவுதான். கோபமாகச் சொல்லியிருந்தால்கூட அண்ணாச்சி தாங்கியிருப்பார் என்று எனக்குத் தோன்றியது. சாவியைக் கைக்குள் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

அந்த நேரம் பார்த்து ஊரிலிருந்து போன். அண்ணாச்சியின் அண்ணன். முகூர்த்தத்துக்கு நாள் பார்க்கலாமா என்று கேட்கக் கூப்பிட்டிருக்கிறார்.

"இல்லண்ணே... அது... ஜாதகம் சேரல" என்றார் அண்ணாச்சி.

போனை வைத்ததும் உமா கேட்டாள். "ஏம்பா... நாம ஜாதகமே பார்க்கலையே?"

"வேற என்னத்தச் சொல்ல தாயி?"

"பிரேக்-அப்னு சொல்லுங்க."

"அதை எங்கண்ணன்கிட்ட தமிழ்ல எப்பிடிச் சொல்ல? நீயே சொல்லு."

உமா யோசித்தாள். நானும் யோசித்தேன். மாசாமாசம் தமிழில் எழுதிச் சம்பாதிக்கிறவள் — எனக்கும் ஒன்றும் அகப்படவில்லை. கழட்டி விட்டுட்டான் என்றால் அவன் அயோக்கியன். ஏமாந்துட்டா என்றால் இவள் முட்டாள். வேண்டாம்னுட்டா என்றால் திமிர் பிடித்தவள். இரண்டு பேரும் நல்லவர்கள், கொஞ்ச நாள் ஒருத்தருக்கொருத்தர் பிரியமாக இருந்தார்கள், பிறகு பிரிந்தார்கள்... இதைச் சொல்ல, சொந்தக்காரர்கள் வாயில் வசவு இல்லாத ஒரு வார்த்தை இருக்கிறதா?

எனக்கு ஒன்று ஞாபகம் வந்தது. "கூடி வரலைன்னு சொல்லிடுங்களேன் அண்ணாச்சி. யார் மேலயும் தப்பு வராது."

உமா என்னைப் பார்த்தாள். அப்புறம் அப்பாவைப் பார்த்துச் சொன்னாள்.

"எனக்குக் கூடி வந்துச்சுப்பா. அப்புறம்தான் போச்சு."

அடுப்படியில் பார்வதி அக்கா குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுவது கேட்டது.

ஆனாலும் கடைசியில் ஜாதகம்தான் நின்றது. அத்தைக்கு ஜாதகம். சித்திக்கு ஜாதகம். வாக்கிங் கும்பலுக்கு, "ராகு கேது கொஞ்சம்..." எந்த ஜாதகத்தை வேண்டாம் என்று மாசக்கணக்கில் பிரச்சாரம் செய்தாரோ, அதே ஜாதகத்தின் பின்னால்தான் அவர் ஒளிந்துகொள்ள வேண்டியிருந்தது. டீக்கடையில் குமார், "ஜாதகமா? போன்ல புட்ச்சதுக்கு இன்னாத்துக்கு அண்ணாத்தே ஜாதகம் பாத்தே?" என்று கேட்டபோது அவரால் தலைநிமிர முடியவில்லை. அப்பா எல்லாரிடமும் இப்படிச் சொல்வதை உமா அந்த இரண்டு நாளும் பக்கத்து அறையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். தனக்கு நடந்த ஒன்றை, நடக்கவே இல்லை என்று அப்பா ஒவ்வொருவரிடமாகச் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். ஞாயிறு சாயங்காலம் பஸ் ஏறிப் போய்விட்டாள்.

நாம் டேட்டிங்கை ஏற்றுக்கொண்டுவிட்டோம் என்று மார்தட்டிக்கொள்கிறோமே... எதை ஏற்றுக்கொண்டிருக்கிறோம்? மண்டபத்தில் போய் முடிகிற டேட்டிங்கை. பாஸ் மார்க்கை மட்டும். அந்த ஸ்கிரீனில் வந்த ஒரு 'ஹாய்'க்கு எல்லாரும் கைதட்டினோம். கல்யாணம் வரைக்கும் வந்து சேராத ஹாய் எத்தனை இருக்கும்? அதுவும் பிரியம்தானே? அதில் அடிபட்டு வருகிற பிள்ளையை என்ன சொல்லி அணைத்துக்கொள்வது என்று நமக்கு யாரும் சொல்லித் தரவில்லை. நாமும் கற்றுக்கொள்ளவில்லை. புரோக்கர் வேலையை ஆப் பார்த்தால் சரி, மற்றதெல்லாம் பழையபடியே இருக்கட்டும் என்கிறோம்.

அண்ணாச்சியைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. நூற்றில் ஒரு அப்பாகூட, "அப்பம் பேசு" என்று சொல்லியிருக்க மாட்டார். அவ்வளவு தூரம் வந்தவருக்கு அதற்கு மேல் போக வழி தெரியவில்லை. அவ்வளவுதான்.

அன்றைக்குக் காரில் வரும்போது, "இப்போ உமா யார்கிட்டயாவது பேசிட்டு இருக்காளா அண்ணாச்சி?" என்று கேட்டேன்.

"கேட்டேன் தங்கச்சி. 'இல்லப்பா'ங்கா." ஜன்னல் கண்ணாடியை ஏற்றிவிட்டார். "இருந்தாலும் இல்லன்னுதான் சொல்லுவா. அந்த ஆப்ல இப்பமும் இருக்காளான்னுகூட எனக்குத் தெரியல. இருக்கணும்னு தினமும் சாமி கும்பிடுதேன்."

மகள் டேட்டிங் ஆப்பில் இருக்க வேண்டும் என்று சாமி கும்பிடுகிற அப்பாவை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? நான் அன்றைக்குப் பார்த்தேன். அவர் மறுபடி மாப்பிள்ளை வேண்டும் என்று கேட்கவில்லை. மறுபடி அந்தப் புளியில்லாத ரசம் மாதிரி ஏதாவது ஒரு கதை தன் காதுக்கு வர வேண்டும் என்று கேட்கிறார்.

உமா பாசமான பெண். அப்பாமேல் அவளுக்கு ஒரு கோபமும் கிடையாது. ஞாயிறு தவறாமல் போன் செய்கிறாள். அண்ணாச்சியும் பழையபடி தோட்டத்தில் நின்றுதான் பேசுகிறார். சுவருக்கு இந்தப் பக்கம் எனக்கும் கேட்கிறது. சாப்பிட்டீங்களாப்பா, பிரஷர் மாத்திரை போட்டீங்களாப்பா, அம்மாவுக்குக் கால் வலி தேவலையா, போர் மோட்டாரைச் சரிபண்ணியாச்சா...

எல்லாம் கேட்கிறாள். எதையும் சொல்வதில்லை.